நல்லசிவத்தின் சுண்ணாம்பு டப்பா

எங்க அண்ணன் நல்லசிவம் பொய் சொல்ற ஆளு இல்ல. இதை முதல்லயே சொல்லிடுறேன். அது செத்த பொறவு ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினாக. டாக்டரையே ஏமாத்திட்டான்னாக. பேப்பர்ல படம் வரணும்னு நடிச்சான்னாக. பேசின வாயில மண்ணு விழ. படம் வந்த அன்னைக்கு அண்ணன் ஒரே ஒரு தடவை பார்த்துட்டு, சட்டை கசங்கியிருக்குன்னு சொல்லி மடிச்சு வச்சிருச்சு. அதுக்குப் படத்து மேல இருந்த ஆசை அம்புட்டுதான்.

என் பேரு மாயம்மாள். மட்டாஞ்சேரியில பிறந்து மட்டாஞ்சேரியில வளர்ந்தவ. எங்க அப்பா சங்கரன்கோயில் பக்கமிருந்து முனிசிபாலிட்டி வேலைக்குன்னு வந்து இங்கயே தங்கிட்டாரு. வீட்டுல தமிழ் பேசுவோம். எழுதப் படிக்க மலையாளந்தான் வரும். அப்பா வேலை அண்ணனுக்குக் கிடைச்சுது. ஆனா கூட்டுற வேலை இல்ல, கொசு மருந்து அடிக்கிற வேலை. முதுகுல பம்பைக் கட்டிக்கிட்டு, கையில குழாயைப் பிடிச்சுக்கிட்டு, பனயப்பள்ளியில ஆரம்பிச்சு சுள்ளிக்கல், கொச்சங்காடி, பஜார் ரோட்டுக் குடோனுக்குப் பின்னால ஓடுற சாக்கடை வரைக்கும் அது காலு படாத இடம் கிடையாது. எந்த வீட்டுக் கிணத்துல மூடி உடைஞ்சிருக்கு, எந்த வீட்டு மாடியில தண்ணி தேங்குதுன்னு அண்ணனைக் கேட்டா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லும்.

அந்த வேலையில ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னாத்தான் மத்தது விளங்கும். ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலயும் ஒரு அட்டை தொங்கும். மருந்து அடிச்ச தேதியை அண்ணன் அதுல எழுதும். பத்து நாள் கழிச்சு மேலதிகாரி ஒருத்தரு வந்து, கொசு குறைஞ்சிருக்கான்னு வீட்டுக்காரங்களைக் கேட்டு அதே அட்டையில எழுதுவாரு. கொச்சியில கொசு எங்க குறையும்? மூணு பக்கம் காயல், வீட்டைச் சுத்திச் சாக்கடை. அடிச்ச மறுநாளே திரும்ப வந்து காதுல பாடும். ஆனாலும் வீட்டுக்காரங்க எல்லாரும், குறைஞ்சிருக்கு சாறே, நல்லா குறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவாக. இல்லேன்னு சொன்னா பம்பு சுமக்கிற பாவப்பட்ட மனுஷனுக்கு ஏச்சு விழுமே. வெயில்ல வந்து நிக்கிறவனுக்கு ஒரு கிளாஸ் தண்ணி குடுக்கிற மாதிரி அந்த ஒரு வார்த்தையைக் குடுத்து அனுப்புவாக. முப்பது வருஷமா மட்டாஞ்சேரி மொத்தமும் சேர்ந்து எங்க அண்ணனை அப்படிக் காப்பாத்துச்சு. அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். "குறைஞ்சதெல்லாம் அட்டையிலதான் மாயி, கடியில இல்ல"ன்னு சொல்லும்.

ரெண்டாயிரத்து நாலுல அண்ணனுக்கு நெஞ்சு வலிக்க ஆரம்பிச்சுது. முதல்ல பம்போட மாடிப்படி ஏறுனா வலிக்கும். பொறவு பம்பு இல்லாம ஏறுனாலும் வலிச்சுது. கடைசியில படகு வந்து நிக்கிற ஜெட்டியிலிருந்து வீட்டுக்கு வர்ற அஞ்சு நிமிஷ நடையில மூணு இடத்துல நிக்கும். நிக்கிறது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கடைப் பலகையைப் படிக்கிற மாதிரி நிக்கும். நாக்குக்கு அடியில வைக்கிற சின்ன வெள்ளை மாத்திரை ஒண்ணு உண்டு, அதை வச்சா ரெண்டு நிமிஷத்துல வலி இறங்கும். ஒரு நாளைக்கு எட்டு, பத்துன்னு ஆகிப்போச்சு. ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தா, சர்க்கரை வியாதியில இதயத்து ரத்தக்குழாய் எல்லாம் நூலா மெலிஞ்சு கிடக்கு, பைபாஸ் பண்ண ஒட்டுறதுக்கே இடமில்லன்னு கையை விரிச்சிட்டாக. இடுப்புல சேலையைச் செருகிக்கிட்டு ஊரையே ஒரு கை பார்க்கிற எங்க மதனி சுப்பம்மாள், அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்தவ எந்திரிக்கல.

நான் அப்ப எறணாகுளத்துல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில துடைக்கிற வேலை. காண்ட்ராக்ட்டுல ஒம்பது வருஷம். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியில இருக்கிற வராந்தாதான் என் இடம். அங்க டாக்டர் ராமபத்ரன்னு ஒருத்தரு வந்து சேர்ந்தாரு. நாப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். என்னைப் பார்த்தா, சாயா குடிச்சோ மாயம்மாளேன்னு கேக்கிற ஒரே டாக்டர். அவருக்காக ஒரு பெரிய மிஷின் வந்து இறங்குச்சு. பைபாஸ் பண்ண முடியாதவங்களுக்குப் புதுசா ஒரு வைத்தியம் பண்ணப் போறாருன்னாக.

நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பனா? சாயா நேரத்துல நேராப் போய்க் கேட்டேன். அவரு கோவிச்சுக்கல, ஒரு காகிதத்துல இதயத்தை வரைஞ்சு காட்டினாரு. விலாவைக் கொஞ்சம் திறந்து, துடிச்சுக்கிட்டு இருக்கிற இதயத்துச் சதையில லேசர் வெளிச்சத்தால இருபது, இருபத்தஞ்சு ஓட்டை போடுவாராம். அதுக்கு முன்னாடியே இடுப்பு எலும்புல ஊசி போட்டு உள்ள இருக்கிற மஜ்ஜையை எடுத்து, மிஷின்ல சுத்தி, அதுல வளர்ற குணமுள்ள செல்லை மட்டும் பிரிச்சு வச்சுக்குவாராம். ஓட்டைக்குப் பக்கத்துல அந்தச் செல்லை ஊசியால ஏத்துவாராம். ஓட்டை போட்ட காயத்துல செல்லு தங்கி, புதுசாச் சின்னச் சின்ன ரத்தக்குழாய் முளைக்கும்னு நம்பிக்கை. நம்பிக்கைன்னுதான் சொன்னாரு, முளைக்கும்னு சத்தியம் பண்ணல. அதையும் சொல்லணும்.

முதல்ல மூணு பேருக்குப் பண்ணிப் பார்க்கிறதா இருந்துச்சு. முதல் ஆளு மேஜையிலயே போயிட்டாரு. அவரு பொண்டாட்டி விழுந்து அழுத வராந்தாவைத் துடைச்சவ நான்தான். ரெண்டாவது ஆளு பிழைச்சாரு, ஆனா வலி போகல, பழைய மாதிரியே மாத்திரையும் கையுமா வீட்டுக்குப் போனாரு. தியேட்டர் கதவு திறக்கிறப்பெல்லாம் தலைமுடி பொசுங்கின வாடை வருதுன்னு எங்க கூட்டத்துல ஒருத்தி மூக்கைப் பொத்துவா. மத்த டாக்டருங்க லிஃப்டுக்குப் பக்கத்துல நின்னு சிரிப்பாக. ஓட்டை போட்டா வீடு ஒழுகும், இதயமும் ஒழுகும்னு ஒருத்தரு சொன்னாரு. மூணாவதும் போச்சுன்னா ராமபத்ரன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், மிஷின் துணி போர்த்திக் கிடக்கும்னு பேசிக்கிட்டாக. துடைக்கிறவளுக்குக் காது இருக்குன்னு யாரு நினைச்சா?

அத்தனையும் வீட்டுல வந்து கொட்டினேன். கொட்டாம இருந்திருக்கலாம். மதனி காதைப் பொத்திக்கிட்டா. உயிரோட இருக்கிற இதயத்துல ஓட்டையா, என் தாலியை அறுக்கவா வந்தேன்னு என்னைக் கேட்டா. அண்ணன் மட்டும் சுவத்துல சாஞ்சு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கடைசியில ஒரே கேள்வி கேட்டுது. அந்த டாக்டருக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டுது. ஆயிருச்சு, ஒரு பொம்பளைப் பிள்ளை இருக்குன்னேன். பாவம்னு சொல்லுச்சு. சாகக் கிடக்கிறவன் வெட்டப் போறவனைப் பார்த்துப் பாவம்ங்கிறானேன்னு தோணுச்சு.

மூணாவது ஆளா நான் போறேன்னு அண்ணனே சொல்லுச்சு, ரெண்டாயிரத்து ஆறு நவம்பர்ல சேர்த்தோம். எங்க ஊர்ல ஆஸ்பத்திரியில கூட இருக்கிற ஆளை பைஸ்டாண்டர்னுதான் சொல்லுவாக. மதனி பேனாவைத் தொட மாட்டேன்னுட்டா, பைஸ்டாண்டர் கையெழுத்தை நான் போட்டேன். பதினாலு பக்கம். டாக்டர் உக்காந்து ஒவ்வொரு பக்கமாப் படிச்சுச் சொன்னாரு. உயிருக்கு ஆபத்து உண்டுன்னு மூணு இடத்துல இருந்துச்சு. பதினோராம் பக்கத்துல, வலி திரும்பி வந்தா உடனே சொல்லணும், மறைக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. அந்த வரிக்கு நேரா அவரு பேனாவால ஒரு கோடு போட்டாரு. நானும் தலையாட்டினேன், அண்ணனும் தலையாட்டுச்சு. அந்தக் கோடு இன்னைக்கும் என் கண்ணை விட்டுப் போகல.

ஆபரேஷன் மூணு மணி நேரம். தினமும் நான் துடைக்கிற கதவுக்கு வெளியில, அன்னைக்குத் துடைக்காம உக்காந்திருந்தேன். யாரோ துடைச்ச தரையில அங்கங்க திட்டுத் திட்டா ஈரம் நின்னுச்சு. அதையே பார்த்துக்கிட்டிருந்தேன், வேற எதையும் பார்க்கத் தைரியம் வரல. கதவைத் திறந்து டாக்டர் வெளிய வந்தாரு. எல்லாம் சரியா நடந்துச்சு, இருபத்திரண்டு ஓட்டை போட்டோம்னாரு.

நெசமாச் சொல்றேன், வலி போச்சு. ஜனவரியில அண்ணன் ஜெட்டியிலிருந்து வீடு வரைக்கும் எங்கயும் நிக்காம வந்துச்சு. எந்தக் கடைப் பலகையையும் படிக்கல. வந்து நின்னு, மாயி, நான் மூச்சு வாங்குறனா பாருன்னுச்சு. மதனி அன்னைக்கு மீனு பொரிச்சு எங்க எல்லாருக்கும் போட்டா. பிப்ரவரியில டி.எம்.டி.ன்னு சொல்ற ஓடுற பெல்ட்டுல நடக்க வச்சாக. முன்னால ரெண்டு நிமிஷம் தாங்காத மனுஷன் ஒம்பது நிமிஷம் நடந்துச்சு. பேப்பர்காரங்க வந்தாக. படத்துல டாக்டர் கை அண்ணன் தோள்ல இருக்கும். லிஃப்டுக்குப் பக்கத்துல சிரிப்பு நின்னுச்சு. அடுத்த பத்து பேருக்குப் பண்ண அனுமதி கிடைச்சிரும்னாக. மார்ச்சுல என்னைக் காண்ட்ராக்ட்டுலயிருந்து எடுத்து ஆஸ்பத்திரி ஆளாக்கிட்டாக. டாக்டர் சிபாரிசு. கழுத்துல மாட்டுற அட்டையில என் படம், என் பேரு. ஒம்பது வருஷமா நான் ஏங்கின அட்டை அது.

சித்திரை பிறந்துச்சு. விஷு அன்னைக்கு மதியம் அண்ணன் வீட்டுல சாப்பாடு. மருமகன், பேத்தி எல்லாரும் இருந்தாக. சாப்பிட்ட கையோட பேத்தியைத் தூக்கி ரெண்டு சுத்து சுத்திட்டு அண்ணன் பின்பக்கம் போச்சு. நான் கை கழுவப் போனவ பார்த்தேன். சாக்கடைப் பக்கம் திரும்பி நின்னு மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்துது. வெத்திலை, புகையிலை எல்லாத்தையும் ஆபரேஷனோட விட்டாச்சு. வெத்திலை போடாத மனுஷனுக்குச் சுண்ணாம்பு டப்பா எதுக்கு? டப்பாவைத் திறந்து விரல் நுனியில என்னமோ எடுத்து, நாக்கைத் தூக்கி அடியில வச்சுது. வச்சிட்டு, மதில்ல ஒட்டியிருந்த பழைய நோட்டீசைப் படிக்க ஆரம்பிச்சுது.

நான் போய்க் கையிலிருந்து பிடுங்கினேன். உள்ள எட்டு மாத்திரை. சுண்ணாம்பு துளி கூட இல்ல, கழுவித் துடைச்சு வச்சிருந்துச்சு.

எப்ப இருந்துன்னு கேட்டேன். பங்குனிக் கடைசியிலிருந்துன்னுச்சு. வாராவாரம் நர்ஸ் மஞ்சுஷா போன் பண்ணி, இந்த வாரம் எத்தனை தடவை வலிச்சுது, எத்தனை மாத்திரை வச்சீங்கன்னு கேக்குமே, அதுக்கு நீ என்ன சொன்னேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு சொன்னேன்னுச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல அண்ணன்னும் பார்க்கல, கிறுக்குப் பயலேன்னு வாய் விட்டுட்டேன். அது சிரிச்சுது.

"அவுக வந்து குறைஞ்சிருக்கான்னு கேக்காக. குறையலைன்னு எப்படி மாயி சொல்ல? அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு?"

"இது கொசு இல்ல அண்ணே, உன் உசுரு."

"முப்பது வருஷம் ஊரே எனக்காகச் சொல்லுச்சு. நான் ஒரு ஆளுக்குச் சொல்லப்படாதா? நீதானே சொன்னே, மூணாவதும் போச்சுன்னா அவரு பெட்டியைக் கட்டணும்னு."

நான்தான் சொன்னேன். லிஃப்டுப் பக்கம் கேட்டதை ஒண்ணு விடாம வந்து ஒப்பிச்சவ நான்தான். இப்பப் போய் டாக்டர்கிட்ட நான் சொல்லிடுறேன்னு கிளம்பப் பார்த்தேன். அண்ணன் என் கழுத்துல தொங்கின அட்டையைப் பார்த்துது. விஷுவுக்குப் பெருமையா மாட்டிக்கிட்டு வந்த அட்டை. அந்தப் பார்வையை நான் வசதியாப் புரிஞ்சுக்கிட்டேன். மூணாவதும் போச்சுன்னா டாக்டர் மட்டும் இல்ல, அவரு சிபாரிசுல வந்தவளும் போவா. இதை மறைச்சு என்ன பண்ண? அன்னைக்கு என் வாயைக் கட்டினது அண்ணன் இல்ல, என் பயந்தான்.

திங்கக்கிழமைதோறும் டாக்டர் ஓ.பி.யில இருப்பாரு. இந்தத் திங்கள் சொல்லிடணும்னு போவேன். கூட்டமா இருக்கும், அடுத்த திங்கள்னு வந்திருவேன். அடுத்த திங்கள் அவரே எதிர்ல வந்து, அண்ணன் சௌக்கியமான்னு கேப்பாரு. சௌக்கியம் சாறேன்னு என் வாயே சொல்லும். அப்படி எத்தனை திங்கள் போச்சுன்னு எனக்குத் தெரியும், எண்ணிச் சொல்ல மனசு வரல.

மே மாசம் ஆறு மாசப் பரிசோதனை. பெல்ட்டுல நடக்கணும். சிரிச்ச டாக்டருங்களும் பார்க்க வந்து நின்னாக. நான் மாப்போட வாசல்ல நிக்கேன். அண்ணன் பாத்ரூம் போயிட்டு வர்றேன்னு போச்சு. திரும்பி வர்றப்ப மேலுதட்டை நாக்கால துழாவிக்கிட்டே வந்துச்சு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. வலி வர்றதுக்கு முன்னாலயே மாத்திரையை வச்சாச்சு. மாத்திரை தாங்கிக்கிச்சு, அண்ணன் எட்டரை நிமிஷம் நடந்துச்சு. மூஞ்சி எல்லாம் வேர்வை. ஒரு தடவை என்னைப் பார்த்துது, இந்தா முடிஞ்சுது பாருங்கிற மாதிரி. பெல்ட்டு நின்னதும் எல்லாரும் கைதட்டினாக.

நான் வாயைத் திறந்தேன். தெய்வத்து மேல ஆணை, திறந்தேன். அதுக்குள்ள டாக்டர் ராமபத்ரன் என் பக்கம் திரும்பி, மாயம்மாளே, உன் அண்ணன் என் மானத்தைக் காப்பாத்திட்டாருன்னாரு. அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு. நான் வாயை மூடிக்கிட்டு, சிந்தாத தண்ணியைத் துடைச்சேன்.

அந்த வருஷம் மழையோட சிக்குன்குனியா வந்துச்சு. மட்டாஞ்சேரியில காய்ச்சல் விழாத வீடு இல்ல. கைகாலு நீட்டி மடக்க முடியாம சனம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்துச்சு. கொசு மருந்துக்கு ஆள் பத்தல, அடிக்கிறவனுக்கே காய்ச்சல். ஆபரேஷனுக்குப் பொறவு அண்ணனை ஆபீசுல உக்காந்து மருந்து அளந்து குடுக்கிற வேலையில வச்சிருந்தாக. இப்ப, நல்லசிவம் பூரண குணமாயிட்டாரேன்னாக. ஆறு மாசப் பரிசோதனைக் காகிதத்துல அப்படித்தான் எழுதியிருந்துச்சு. அண்ணன் திரும்பவும் பம்பைத் தூக்கிக் கட்டுச்சு. மதனி எனக்குச் சாடை சொன்னா, டப்பா வாரத்துக்கு ரெண்டு தடவை காலியாகுதுடின்னு. அவளுக்கும் தெரிஞ்சிருக்கு. அவளும் புருஷன் வாங்கிக்கிட்ட சத்தியத்துல வாயைக் கட்டிக்கிட்டு, மருந்துக்கடைக்குத் தோப்பும்படி வரைக்கும் போய்க்கிட்டிருந்தா. இங்கக் கடையில வாங்குனா ஊருக்குத் தெரிஞ்சிரும்ல.

நான் ஒரு நாளு ஜெட்டியில இறங்கி வர்றப்ப அண்ணனைத் தூரத்துல பார்த்தேன். மழை தூறிக்கிட்டிருந்துச்சு. முதுகுல பம்போட, பூட்டிக் கிடந்த ஒரு சுக்குக் குடோன் முன்னால நின்னு பலகையைப் படிச்சுக்கிட்டிருந்துச்சு. அந்தப் பலகையில எழுத்தெல்லாம் அழிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. நான் பக்கத்துல போகல. போயிருந்தா பம்பை இறக்கி வைக்கச் சொல்லியிருப்பேன். திங்கக்கிழமை நிச்சயமாச் சொல்லிடணும்னு நினைச்சுக்கிட்டே வேற சந்து வழியா வீட்டுக்குப் போயிட்டேன்.

அது வியாழன். சனிக்கிழமை காலையில கொச்சங்காடியில ஒரு வீட்டுக்குப் பின்னால அண்ணன் உக்காந்தபடியே போயிருச்சு. அந்த வீட்டுக்காரம்மா என்கிட்டச் சொன்னாக. தண்ணி கேட்டாராம். மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே, சுகமில்லையான்னு கேட்டிருக்காக. ஒண்ணுமில்ல சேச்சின்னு சொல்லிட்டுப் பின்பக்கம் மருந்து அடிக்கப் போயிருக்கு. பம்பு சத்தம் நின்னு ரொம்ப நேரம் ஆச்சேன்னு போய்ப் பார்த்தா, மதில்ல பம்பு சாஞ்சு, பம்புல அண்ணன் சாஞ்சு இருந்துச்சாம். சுண்ணாம்பு டப்பா திறந்து மடியில கிடந்துச்சாம். கதவுக்குப் பின்னால இருந்த அட்டையில அன்னைக்குத் தேதியை ஏற்கனவே எழுதி வச்சிட்டுத்தான் போயிருக்கு.

ஏழாம் நாளு கழிஞ்சு நான் வேலைக்குப் போனேன். அது திங்கக்கிழமை. ஓ.பி. கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு நேரா டாக்டர் ரூமுக்குள்ள போய், டப்பாவை அவரு மேஜையில வச்சேன். நாலு மாத்திரை மிச்சம் இருந்துச்சு. பங்குனிக் கடைசியிலிருந்து வலி இருந்துச்சு சாறேன்னு சொன்னேன். மே மாசப் பரிசோதனைக்கு முன்னால பாத்ரூம்ல மாத்திரை வச்சதைச் சொன்னேன். கதவுக்குப் பின்னால தொங்குற அட்டையைப் பத்தியும் சொன்னேன். எல்லாத்தையும் நின்னுக்கிட்டே சொன்னேன், என் கழுத்து அட்டையைக் கழட்டி டப்பாவுக்குப் பக்கத்துல வச்சிட்டு.

அவரு அண்ணன் ஃபைலைத் திறந்தாரு. வாராவாரம் மஞ்சுஷா எழுதின கட்டம். வலி இல்ல, வலி இல்ல, வலி இல்லன்னு பக்கம் பக்கமா இருந்துச்சு.

"நான் நல்ல பேருக்காகக் கேக்கல, மாயம்மாளே. சிலருக்கு வலி திரும்பும்னு எனக்குத் தெரியும். திரும்புனா என்ன செய்யணும்னு யோசிச்சு வச்சிருந்தேன். பம்பை மட்டுமாவது தூக்க விட்டிருக்க மாட்டேன்" அப்படின்னாரு.

மாத்திரையைக் கூட்டியிருக்கலாம், இன்னொரு வாட்டி ஆஞ்சியோ எடுத்துப் பார்த்திருக்கலாம்னு அவரு சொல்லிக்கிட்டே போனாரு. என் காதுல அது எதுவும் ஏறல. பம்பை மட்டுமாவதுங்கிறதுலயே நான் நின்னுட்டேன். கோவப்படுவாருன்னு நினைச்ச மனுஷன், பெட்டியைக் கட்டணுமேன்னு நாங்க பாவப்பட்ட மனுஷன், வலிக்குதுங்கிற ஒரு சொல்லுக்காக ஒவ்வொரு வாரமும் காத்துக்கிட்டிருந்திருக்காரு. நாங்க மரியாதைக்குப் பொய்யைக் குடுத்துக்கிட்டே இருந்திருக்கோம்.

உனக்கு எப்பத் தெரியும்னு கேட்டாரு. விஷுவுக்குன்னேன். அவரு தலையைக் குனிஞ்சு, பங்குனிக்கு அப்புறம் இருந்த ஒவ்வொரு 'வலி இல்ல'யையும் பேனாவால அடிச்சாரு. பதினாலோ பதினஞ்சோ இருக்கும். அடிச்சு முடிச்சதும் என் அட்டையை என் பக்கம் தள்ளினாரு. போய் வேலையைப் பாருன்னாரு. திட்டியிருந்தா வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன். வேலையைப் பாருன்னதும் வராந்தாவுலயே அழுதேன்.

மிஷின் துணி போர்த்திக் கிடக்கும்னாங்களே, அப்படி ஆகல. அண்ணன் கதையை அப்படியே எழுதி மேல இருக்கிறவங்களுக்கு டாக்டரே குடுத்தாராம். பத்து பேருக்குப் பதிலா நாலு பேருக்குப் பண்ணச் சொன்னாக. நான் இன்னும் அதே வேலையிலதான் இருக்கேன், அதே அட்டையோட. ஒவ்வொரு நாளும் மாட்டுறப்ப அது கனக்குது. எங்க வீட்டுக்குக் கொசு மருந்துக்காரங்க மேலதிகாரி வந்து குறைஞ்சிருக்கான்னு கேட்டா, குறையல, எழுதிக்கிடுங்கன்னுதான் சொல்றேன். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு என் மேல கோவம். இருந்துட்டுப் போகட்டும்.

போன மாசம் அந்த நாலு பேர்ல ஒருத்தரு பரிசோதனைக்கு வந்தாரு. வெங்கிடாசலம்னு பேரு, மார்க்கெட்டுல காய்கறி விக்கிறவரு, நம்ம ஊரு ஆளு. டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு வேதனை உண்டோன்னு கேட்டாரு. அவரு கையைக் கட்டிக்கிட்டு, இல்ல சாறே, ஒண்ணுமே இல்லன்னாரு. டாக்டர் சந்தோஷமா அடுத்த கட்டிலுக்குப் போனாரு. நான் அங்கதான் துடைச்சுக்கிட்டிருந்தேன். அந்த 'ஒண்ணுமே இல்ல'யை எனக்கு நல்லாத் தெரியும்.

மாப்பைச் சுவத்துல சாய்ச்சு வச்சிட்டு, அவரு பக்கத்துல போய், நாக்கைத் தூக்குங்க அண்ணாச்சின்னு சொன்னேன்.